வென்றவருக்கு நாடு என்ன தர வேண்டும்?

ஒலிம்பிக் தங்கப் பதக்கம் முழுக்கத் தங்கத்தால் ஆனது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தரப்பட்ட தங்கப் பதக்கத்தின் எடை 529 கிராம். அதில் தங்கம் வெறும் 6 கிராம், அதுவும் மேல்பூச்சு. உள்ளே இருப்பது வெள்ளி. நடுவில் ஐபெல் கோபுரத்திலிருந்து எடுத்த 18 கிராம் இரும்புத் துண்டு ஒன்றைப் பதித்திருந்தார்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. போட்டியை நடத்தும் சர்வதேச ஒலிம்பிக் குழு, வென்றவர்களுக்குப் பரிசுப் பணம் தருவதே இல்லை. உலகத் தடகள அமைப்பு பாரிஸில் முதல்முறையாகத் தன் போட்டிகளில் தங்கம் வென்றவர்களுக்கு 50,000 டாலர் தந்தபோது, அதுவே பெரிய விவாதமானது.

அப்படியென்றால் பதக்கம் வென்றவருக்கு வீடு, வேலை, கோடிக்கணக்கில் பணம், விருது என்றெல்லாம் நாம் கேள்விப்படுகிறோமே, அதெல்லாம் எங்கிருந்து வருகிறது? விளம்பர வருமானத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால், பெரும்பாலும் அவரவர் நாட்டிடமிருந்துதான். எவ்வளவு தருவது, எப்போது தருவது, யாருக்குத் தருவது என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. அதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கப் போகிறோம்.

இது புதிய கேள்வி இல்லை. பழைய கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் வென்றவர் தலையில் ஆலிவ் இலைக் கிரீடம் மட்டும்தான் வைத்தார்கள். ஆனால் அவர் ஊர் திரும்பியதும் கதை வேறு. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் சட்டங்களை வகுத்த சோலோன், ஒலிம்பியாவில் வென்றவருக்கு 500 டிராக்மா என்று நிர்ணயித்ததாக பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஓர் ஆட்டின் மதிப்பு அப்போது ஒரு டிராக்மா என்றும் அவரே சொல்கிறார். ஆக, ஓர் ஓட்டப் பந்தயத்துக்கு ஐந்நூறு ஆடுகள்! பிற்காலத்தில் வெற்றியாளர்கள் நகரத்தின் பொது மண்டபத்தில் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடலாம் என்ற உரிமையும் இருந்தது.

எதிர்ப்பும் அப்போதே வந்துவிட்டது. செனோபனீஸ் என்ற சிந்தனையாளர், குத்துச்சண்டைக்காரர் வென்றதால் நகரத்தின் நிர்வாகம் சிறந்துவிடாது, களஞ்சியமும் நிறைந்துவிடாது என்று பாடி வைத்தார். இன்றும் ஒவ்வொரு பரிசு அறிவிப்பின்போதும் இதே கேள்வி எழுகிறது. ஆசிரியருக்கும் செவிலியருக்கும் கிடைக்காத தொகை ஓட்டக்காரருக்கு ஏன்?

நேர்மையான கேள்வி. இதற்கு நான் ஏற்றுக்கொள்ளும் பதில் ஒன்றுதான். ஒரு வீரர் வென்றவுடன் நாடு அந்த வெற்றியைத் தன்னுடையது என்கிறது. கொடி ஏறுகிறது, தேசிய கீதம் ஒலிக்கிறது, தலைவர்கள் தொலைபேசியில் அழைக்கிறார்கள், கோடிக்கணக்கானவர்கள் "நாம் ஜெயித்துவிட்டோம்" என்கிறார்கள். வெற்றியில் இப்படிப் பங்கு கேட்கிற நாடு, அந்த வெற்றிக்குப் போன செலவிலும் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செலவு பணம் மட்டுமில்லை. படிப்பும் தொழிலும் கற்க வேண்டிய பத்துப் பதினைந்து வருடங்கள் பயிற்சியில் போகின்றன. முழங்கால், முதுகு, தோள் தேய்கின்றன. முப்பத்தைந்து வயதுக்குள் வேலையே முடிந்துபோகிறது.

இப்படிப் பார்த்தால், பரிசு என்பது பதக்கம் வென்ற அந்த ஒரு வாரத்துக்கானது என்ற எண்ணம் தவறு என்று புரியும். முன்னால் பத்து வருடம், பின்னால் நாற்பது ஐம்பது வருடம். அந்த முழு வாழ்க்கையையும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ரொக்கப் பரிசு

எல்லோர் கண்ணிலும் படுவது இதுதான். சிங்கப்பூரில் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்துக்கு 10 லட்சம் சிங்கப்பூர் டாலர். 2016இல் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் பெல்ப்ஸைத் தோற்கடித்து அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற ஜோசப் ஸ்கூலிங்குக்கு அது கிடைத்தது. ஹாங்காங் பாரிஸ் போட்டிக்கு 60 லட்சம் ஹாங்காங் டாலர் அறிவித்தது. கஜகஸ்தானில் பதக்கத்தின் நிறத்தைப் பொறுத்து அடுக்குமாடி வீடு. தங்கத்துக்கு மூன்று அறை, வெள்ளிக்கு இரண்டு, வெண்கலத்துக்கு ஒன்று.

மறுபக்கம் பிரிட்டனும் நார்வேயும் பதக்கத்துக்கென்று பணமே தருவதில்லை. ஆனால் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் நார்வே 16 தங்கத்துடன் முதலிடம் பிடித்தது. அப்போது அதன் மக்கள்தொகை 55 லட்சத்துக்கும் குறைவு.

பெரிய தொகை அறிவித்தால் பதக்கம் தானாக வரும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. காரணம் எளிமையானது. பதக்கப் பணம் பதக்கத்துக்குப் பிறகு வருகிறது. பயிற்சியாளருக்குச் சம்பளம், காலணி, மருத்துவம், வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றுக்கும் பணம் தேவைப்பட்டது அதற்கு முந்தைய வருடங்களில். ஸ்கூலிங் சிறுவயதிலேயே அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்தவர். அந்தச் செலவைப் பெரும்பாலும் சுமந்தவர்கள் அவருடைய பெற்றோர். அப்படிச் சுமக்க முடியாத வீட்டில் பிறந்த குழந்தை, பரிசுத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த வாசல்வரைகூடப் போக முடியாது.

பிரிட்டன் இதைக் கசப்பான அனுபவத்தில் கற்றது. 1996 அட்லாண்டாவில் அந்த நாட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம். அடுத்த ஆண்டிலிருந்து தேசிய லாட்டரி வருமானத்தை வீரர்களின் பயிற்சிக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் திருப்பினார்கள். 2000இல் 11 தங்கம், 2012இல் சொந்த மண்ணில் 29. பதக்கத்துக்கு ரொக்கம் இல்லைதான். ஆனால் காலையில் எழுந்து பயிற்சிக்குப் போகிறவர் வாடகையை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. நார்வேயும் வீரர்களுக்கு உதவித்தொகை தருகிறது. அங்கே இன்னொரு படி கீழே இறங்கியும் யோசித்திருக்கிறார்கள். சிறு குழந்தைகளின் போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் வெளியிடவே கூடாது என்று விதி. விளையாட்டை வெறுத்து யாரும் சீக்கிரம் ஓடிவிடக் கூடாது என்பதற்காக.

சரி, ரொக்கப் பரிசே வேண்டாமா? வேண்டும் என்றுதான் சொல்வேன். பெற்றோரின் கடனை அடைக்கவும் தள்ளிப்போட்ட அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ளவும் அது உதவும். ஆனால் அது ஒரு சட்டத்தின்படி, முன்கூட்டியே தெரிந்த தொகையாக வர வேண்டும். வெற்றி பெற்ற இரவில் ஒரு தலைவர் ஒரு தொகை, மறுநாள் இன்னொருவர் அதைவிடப் பெரிய தொகை என்று அறிவிக்கும்போது அது வீரருக்குச் செய்யும் மரியாதையாக இருப்பதில்லை. ஒரே பதக்கத்தை வென்ற இருவருக்கு, ஒருவர் ஆட்டம் பிரபலமானது என்பதால், வேறு வேறு தொகை போகும். சில அறிவிப்புகள் செய்தியோடு நின்றும் போகும்.

இதில் பிலிப்பைன்ஸின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் எனக்குப் பிடித்த உதாரணம். ஒலிம்பிக் தங்கத்துக்கு 1 கோடி பெசோ, வெள்ளிக்கு 50 லட்சம், வெண்கலத்துக்கு 20 லட்சம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் வெல்கிறவர்களுக்கும் அதில் இடம் உண்டு. பயிற்சியாளருக்கும் வீரரின் தொகையில் பாதிக்கு ஈடான தொகை தனியாக உண்டு. 1924 முதல் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டுவரும் அந்த நாட்டுக்கு 97 வருடம் கழித்து, 2021இல் பளுதூக்குதலில் ஹிடிலின் டியாஸ் முதல் தங்கம் வென்றபோது, அவருக்கு என்ன சேர வேண்டும் என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பயிற்சியாளரைப் பற்றி ஒரு வார்த்தை. மேடையில் அவருக்கு இடமில்லை. ஒலிம்பிக்கில் அவருக்குப் பதக்கமும் கிடையாது. பல நேரம் பெயர் பெற்ற பயிற்சியாளர் புகைப்படத்தில் நிற்பார். பத்து வயதில் அந்தக் குழந்தையைக் கண்டெடுத்தவர் எங்கோ ஒரு சிறிய மைதானத்தில் நின்றுகொண்டிருப்பார். ஒரு நாட்டின் பரிசுத் திட்டம் அவரையும் தேடிப் போக வேண்டும். சிங்கப்பூரில் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். பரிசில் ஐந்தில் ஒரு பங்கை வீரர் தன் விளையாட்டின் தேசிய சங்கத்துக்குத் தர வேண்டும். அடுத்து வருகிறவர்களின் பயிற்சிக்காக.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். வென்றால் எல்லாம், தோற்றால் ஒன்றுமில்லை என்று ஒரு நாடு வைத்துவிட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கிழக்கு ஜெர்மனி சாட்சி. பதக்கமே தேசத்தின் கௌரவம் என்று ஆனபின், வளரும் பிள்ளைகளுக்குக்கூட என்ன மருந்து என்று சொல்லாமலே ஊக்கமருந்து கொடுத்தார்கள். உடல் கெட்டுப்போன அவர்களுக்கு உதவ, ஒன்றுபட்ட ஜெர்மனி 2002இலும் 2016இலும் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நான்காவதாக வந்தவருக்கும் இறுதிச் சுற்றுக்குப் போனவருக்கும் ஏதாவது இருக்கும்படி பரிசைப் படிப்படியாக வைப்பது இந்த வெறியை ஓரளவு தணிக்கும்.

வேலையும் விலக்கும்

ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஒலிம்பிக் வீரர்கள் பலர் ராணுவத்திலோ காவல் துறையிலோ பணியில் இருப்பவர்கள். இத்தாலியக் காவல் துறையின் விளையாட்டுப் பிரிவு, நிதிக் காவல் படையின் பிரிவு என்று தனித்தனியே உண்டு. விளையாடும் வயதிலேயே மாதச் சம்பளம், பிறகு அதே துறையில் தொடர வாய்ப்பு. மிகப் பழைய, எளிய ஏற்பாடு. ஆனால் வேலை தந்தால் போதாது. முப்பத்தைந்து வயதில் மைதானத்திலிருந்து நேராக அலுவலக மேசைக்கு வருகிறவருக்கு அந்த வேலையைச் செய்யப் பயிற்சியும் தர வேண்டும். இல்லையென்றால் சுவரில் மாட்டிய படம் மாதிரிதான் அவரை அங்கே வைத்திருப்பார்கள்.

தென்கொரியாவின் வழி வித்தியாசமானது. அங்கே உடல் தகுதியுள்ள ஆண்கள் எல்லோரும் ராணுவ சேவை செய்தாக வேண்டும். ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கம் அல்லது ஆசியப் போட்டியில் தங்கம் வென்றால் அதிலிருந்து விலக்கு. சில வாரப் பயிற்சியும் சமூக சேவையும் செய்தால் போதும். 2018 ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் வென்றதால்தான் சன் ஹியூங் மின் இந்த விலக்கைப் பெற்றார். விளையாட்டின் உச்ச வயது வீணாகக் கூடாது என்ற நோக்கம் நல்லதுதான். ஆனாலும் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. நாட்டில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கடமையிலிருந்து விடுவிப்பதைப் பரிசாக வைத்தால், அந்தக் கடமையையே தண்டனை மாதிரி ஆக்கிவிடுகிறோம். ஒரு கோல், ஓர் இளைஞனின் ஒன்றரை வருடத்தைத் தீர்மானிக்கிறது. அந்த அழுத்தம் விளையாட்டுக்கும் நல்லதில்லை.

கைதட்டல் ஓய்ந்த பிறகு

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸை எல்லோருக்கும் தெரியும். ஊர் திரும்பியபின் நடந்தது அவ்வளவாகத் தெரியாது. கறுப்பினத்தவரான அவருக்கு நாட்டின் அதிபரிடமிருந்து ஒரு வாழ்த்துக்கூட வரவில்லை. நியூயார்க்கில் அவருக்காகவே நடந்த வரவேற்புக்கு, சரக்கு ஏற்றும் லிப்டில்தான் போக வேண்டியிருந்தது. பிழைப்புக்காகக் குதிரைகளோடு போட்டி போட்டு ஓடினார். நாட்டின் உயரிய குடிமக்கள் விருதுகளில் ஒன்றான அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது 1976இல். நாற்பது வருடம் கழித்து!

இதற்கு நேர்மாறாக அபேபே பிகிலாவின் கதை. 1960இல் ரோமில் வெறுங்காலோடு ஓடி மராத்தான் தங்கம் வென்ற எத்தியோப்பியர். 1964இல் டோக்கியோவிலும் வென்றார். 1969இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பேரரசர் அவரைச் சிகிச்சைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பல மாதம் இருந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியிலும் கலந்துகொண்டார். 1973இல், 41 வயதில் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. இனி ஓடவே முடியாது, இனிப் பதக்கம் வரவே வராது என்று தெரிந்தபிறகும் நாடு பக்கத்தில் நின்றது. ஒரு நாடு தன் வீரருக்குச் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரியது என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இது ஒரு பேரரசரின் நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது. அதற்குத்தான் ஓய்வூதியம். ஹங்கேரியில் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களுக்கு 35 வயதைத் தாண்டியதும் வாழ்நாள் முழுக்க மாதத் தொகை வருகிறது. நாட்டின் சராசரி ஊதியத்தை அடிப்படையாக வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். அந்த 35 என்ற எண்ணைக் கவனியுங்கள். அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு விளையாட்டு தெரிந்திருக்கிறது. சராசரி ஊதியத்தோடு இணைத்ததால் விலைவாசி ஏறினாலும் தொகை செல்லாக்காசாகாது. தென்கொரியாவிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கு மாதம் 10 லட்சம் வோன் வாழ்நாள் முழுக்க உண்டு.

மொத்தமாக ஒரு பெரிய தொகையா, மாதாமாதம் ஒரு சிறிய தொகையா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் முதலில் வைப்பேன். இருபது வயதில் திடீரென்று வந்து சேரும் பெரும்பணத்தைக் கையாள யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சுற்றிலும் கை நீட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதோடு மருத்துவக் காப்பீடும் வேண்டும். காயங்கள் பெரும்பாலும் ஓய்வுக்குப் பிறகுதான் பேச ஆரம்பிக்கின்றன.

யாருக்கு என்பதிலும் சமம் வேண்டும். அமெரிக்க ஒலிம்பிக் அமைப்பு, பாராலிம்பிக் பதக்கத்துக்கும் ஒலிம்பிக் பதக்கத்துக்கும் ஒரே தொகை என்று முடிவெடுத்தது 2018இல்தான். நார்வே கால்பந்துச் சங்கம் ஆண், பெண் தேசிய அணிகளுக்கு ஒரே ஊதியம் என்று 2017இல் ஒப்பந்தம் போட்டது. இதற்கு நீண்ட வாதம் எதுவும் தேவையில்லை. ஒரே கொடி, ஒரே உழைப்பு.

பணமில்லாத மரியாதை

2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் வீரர் ஒவ்வொருவரின் ஊரிலும் ஒரு தபால் பெட்டிக்குத் தங்க வண்ணம் பூசினார்கள். அந்த நாட்டில் தபால் பெட்டி என்றால் சிவப்புதான். எனவே தங்க நிறப் பெட்டியைக் கடந்து போகிற ஒவ்வொரு குழந்தையும், இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கும். வெற்றியாளர்களின் படத்தோடு மறுநாளே தபால் தலையும் வந்தது. செலவு கொஞ்சம்தான். ஆனால் யாரோ எங்கோ வென்றார் என்பது, நம் தெருக்காரர் வென்றார் என்று மாறிவிடுகிறது.

மரியாதைக்கு நேரம் முக்கியம். அமெரிக்காவின் ஜிம் தோர்ப் 1912இல் ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டத்லான், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். பணத்துக்கு விளையாடியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்பது அப்போதைய விதி. முன்பு சிறு சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினார் என்று சொல்லி மறு ஆண்டே பதக்கங்களைப் பறித்தார்கள். 1953இல் அவர் இறந்தார். 1982இல்தான் ஒலிம்பிக் குழு அவருடைய பெயரைத் திரும்பச் சேர்த்தது. அதுவும் இணை வெற்றியாளராக. ஒரே வெற்றியாளர் அவர்தான் என்று ஒப்புக்கொள்ள 2022 ஆனது. இந்தியாவின் முரளிகாந்த் பெட்கர் 1965 போரில் குண்டு காயப்பட்ட ராணுவ வீரர். 1972 ஹெய்டல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். அவருக்கு பத்மஸ்ரீ வந்தது 2018இல். 46 வருடம். அமெரிக்காவின் லஷிண்டா டெமஸ் 2012இல் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் ஊக்கமருந்து விதிகளை மீறியதால் தகுதி இழந்தார். டெமஸின் தங்கம் 2024இல், பாரிஸில், ஐபெல் கோபுரத்துக்கு எதிரே அவர் கழுத்தில் ஏறியது. பதக்கத்தை அஞ்சலில் அனுப்பாமல் கூட்டத்தின் முன்னால் மேடை போட்டுக் கொடுத்தார்களே, அது சரியான செயல். இப்படித் தாமதமாக வெற்றி பெறுகிறவர்களுக்கு அவரவர் நாடும் முழுப் பரிசையும் தர வேண்டும். பழைய கணக்கு முடிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது.

எல்லாவற்றையும்விட என் மனதில் தங்கிவிட்டது பீட்டர் நார்மனின் கதை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் 200 மீட்டரில் வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர். அமெரிக்காவின் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி நின்ற அந்தப் புகழ்பெற்ற படத்தில், முன்னால் நிற்கும் வெள்ளையர் அவர்தான். மனித உரிமைக்கான அதே சின்னத்தை அவரும் நெஞ்சில் குத்தியிருந்தார். அன்று அவர் ஓடிய 20.06 விநாடி, 2024 டிசம்பர்வரை, 56 வருடம் ஆஸ்திரேலியச் சாதனையாக நின்றது. ஆனால் அடுத்த ஒலிம்பிக்குக்கு அவர் போகவில்லை. 2006இல் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் அமெரிக்காவிலிருந்து வந்து அவர் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள்.

2012இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம், ஊர் திரும்பியபின் அவரை நடத்திய விதத்துக்காக, இறந்துபோன அவரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அதைக் கேட்க அவருடைய தாய் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தது.